மெண்டலின் இரண்டாவது செடி

1869ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் பர்னோ நகரின் இயற்கை ஆய்வுக் கழகக் கூட்டத்தில் கிரெகோர் மெண்டல் ஒரு கட்டுரை வாசித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே கழகத்தில் பட்டாணியைப் பற்றிப் பேசியவர், இம்முறை எடுத்துக்கொண்டது ஹைராசியம் என்னும் காட்டுச் செடியை. பட்டாணிக் கட்டுரை பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. ஹைராசியக் கட்டுரையோ மெண்டல் வாழ்க்கையில் நேர்ந்த சறுக்கல் என்றே எழுதப்பட்டுவிட்டது. பரவலாகச் சொல்லப்படும் கதை இதுதான்: மியூனிக் நகரின் புகழ்பெற்ற தாவரவியலாளர் கார்ல் நேகெலிக்கு மெண்டல் தம் பட்டாணி முடிவுகளை அனுப்பினார், நேகெலி அவற்றின் அருமை அறியாமல், தமக்குப் பிடித்த ஹைராசியத்தில் சோதித்துப் பார்க்கும்படி திருப்பிவிட்டார், அந்தச் செடி மெண்டலின் விதிகளுக்குக் கட்டுப்படவில்லை, அவர் மனமொடிந்து ஆய்வைக் கைவிட்டார், மரபியல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பின்தங்கியது. ஒரு வில்லன், ஓர் அப்பாவி நாயகன், காலைவாரிய செடி என எல்லாம் அமைந்த கதை. சான்றுகளோடு ஒப்பிட்டால் இந்தக் கதை நிற்கவில்லை. ஹைராசியத்தை மெண்டல் தாமே தேர்ந்தெடுத்தார். அவர் கேட்ட கேள்விக்கு அது ஏற்ற செடி. அது தந்த விடையும் சரியான விடையே. அந்த விடையைப் படித்துப் புரிந்துகொள்ளும் அறிவு அன்று எவரிடமும் இருக்கவில்லை.

முதலில் செடியைத் தெரிந்துகொள்வோம். சூரியகாந்தி, சாமந்தி, கரிசலாங்கண்ணி ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது ஹைராசியம். ஐரோப்பாவின் புல்வெளிகளிலும் மலைச்சரிவுகளிலும் பாறை இடுக்குகளிலும் தானாக வளரும். பல்லாண்டு வாழும், குளிரில் மேற்பகுதி பட்டுப்போனாலும் வேர்ப்பகுதியிலிருந்து மறு ஆண்டு துளிர்க்கும். தரையோடு ஒட்டிய இலை வட்டத்தின் நடுவிலிருந்து மெல்லிய தண்டு எழுந்து, உச்சியில் மஞ்சள் பூ பூக்கும். சில இனங்களில் பூ செம்மஞ்சளாக இருக்கும். நாம் ஒரு பூ என்று பார்ப்பது உண்மையில் பல சிறுமலர்கள் நெருங்கி அமர்ந்த ஒரு கொத்து. இந்தச் செடியைப் பற்றித் தாவரவியலாளர்கள் நெடுங்காலமாகக் குழம்பி வந்தார்கள். ஒரு பள்ளத்தாக்கில் வளர்வதற்கும் பக்கத்துப் பள்ளத்தாக்கில் வளர்வதற்கும் இலையின் மயிர், பூவின் நிறம், தண்டின் கிளைப்பு ஆகியவற்றில் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும். அந்த வேறுபாடுகள் தலைமுறை தலைமுறையாக மாறாமல் தொடரும். ஒவ்வொன்றையும் தனி இனமாகக் கொள்வதா, ஒரே இனத்தின் வடிவங்களாகக் கொள்வதா என்று முடிவு செய்ய முடியாமல் வகைப்பாட்டியலாளர்கள் ஆயிரக்கணக்கான பெயர்களைச் சூட்டிக்கொண்டே போனார்கள். மெண்டல் பயன்படுத்திய இனங்களில் பெரும்பாலானவை இன்று பைலோசெல்லா என்ற தனிப் பேரினத்தில் வைக்கப்படுகின்றன. இக்கட்டுரையில் அவர் வழங்கிய பழைய பெயரே கையாளப்படுகிறது.

பட்டாணி ஆய்வின் சாரம் பள்ளிப் படிப்பிலேயே அறிமுகமாகிவிடுகிறது. உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் உருண்டை. அடுத்த தலைமுறையில் சுருக்கம் மீண்டும் தலைகாட்டும். மெண்டல் எண்ணிய 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. பாடநூல் இத்துடன் நின்றுவிடுகிறது. 1866இல் அச்சான அந்தக் கட்டுரை இத்துடன் நிற்கவில்லை. அதன் முடிவுப் பகுதியில் மெண்டல் கலப்பினங்களை இரண்டாகப் பிரிக்கிறார். பட்டாணியைப் போல அடுத்தடுத்த தலைமுறைகளில் பண்புகள் பிரிந்துபோகும் கலப்பினங்கள் ஒரு வகை. பிரியாமல், கலந்த நிலையிலேயே மாறாது தொடரும் கலப்பினங்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைக்கு அவருக்கு முந்தைய கலப்பின ஆய்வாளரான கெர்ட்னர் எடுத்துக்காட்டுகள் தந்திருந்தார். ஜியம் என்ற செடியின் கலப்பினம் அவற்றுள் ஒன்று. மாறாத கலப்பினம் புதிய இனம் ஒன்றின் தகுதியைப் பெற்றுவிடுகிறது, ஆகவே தாவரங்களின் பரிணாம வரலாற்றில் அதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு என்று மெண்டல் அங்கேயே குறிப்பிடுகிறார். டார்வினின் நூல் வெளிவந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. ஒரு வகைக் கலப்பினத்தின் கணக்கைக் கண்டுபிடித்தவர், மறுவகையின் கணக்கையும் தேட நினைத்தது இயல்பு. ஹைராசிய ஆய்வைப் பட்டாணி முடிவைச் சரிபார்க்கும் முயற்சியாக மட்டும் படித்தால் இந்தக் கேள்வி கண்ணில் படாமல் போகிறது.

செடியை நேகெலி திணித்தாரா என்பதற்கு மெண்டலின் கடிதங்களே சாட்சி. 1866 டிசம்பர் 31 அன்று நேகெலிக்கு அவர் எழுதிய முதல் கடிதத்திலேயே, மேற்கொண்டு ஆராய ஹைராசியம், சிர்சியம், ஜியம் ஆகிய மூன்றையும் தேர்ந்திருப்பதாகத் தெரிவிக்கிறார். அந்த ஆண்டுக் கோடையிலேயே ஹைராசிய இனங்கள் சிலவற்றைக் கலந்து பார்த்ததையும், விதை கிடைத்தாலும் எச்சரிக்கையை மீறித் தன்மகரந்தச் சேர்க்கை நடந்திருக்குமோ என்று ஐயுறுவதையும் எழுதுகிறார். நேகெலியின் முதல் பதில் எழுதப்பட்டது 1867 பிப்ரவரி இறுதியில். அதற்கு முன்பே மெண்டல் இந்தச் செடியில் கை வைத்துவிட்டார். இங்கே ஒரு மறுப்பு எழலாம்: நேகெலி ஹைராசியத்தின் தலைசிறந்த நிபுணர் என்பது ஊரறிந்த செய்தி, அவருடைய கவனத்தைப் பெறவே மெண்டல் அதைத் தேர்ந்திருக்கலாம் அல்லவா? அப்படி ஓர் எண்ணமும் இருந்திருக்கலாம். ஆனால் பட்டியலில் அதோடு சிர்சியமும் ஜியமும் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றில் ஜியம், மாறாத கலப்பினத்துக்கு எடுத்துக்காட்டாகப் பட்டாணிக் கட்டுரையிலேயே இடம்பெற்ற செடி. மூன்றையும் இணைக்கும் காரணம் ஆய்வுக் கேள்வியில் இருக்கிறது. நேகெலியின் பங்கு அதன் பிறகே வருகிறது. அவர் ஊக்கப்படுத்தினார், சரியாக இனங்காணப்பட்ட செடிகளை அனுப்பினார், 1873 வரை கடிதத் தொடர்பில் இருந்தார். பட்டாணி விகிதங்களின் பொருளை அவர் உணரவில்லை என்பது உண்மை. 1884இல் வெளியான தம் பரிணாம நூலில் மெண்டலின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. அந்தக் குற்றத்துக்கு அவர் பொறுப்பேற்க வேண்டும். ஹைராசியத்தைத் திணித்த குற்றத்துக்கு அவர் பொறுப்பாக மாட்டார்.

இந்தச் செடியில் கலப்புச் செய்வது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்க வேண்டும். பட்டாணிப் பூ பெரியது. மொட்டைப் பிரித்து மகரந்தத்தாள்களைப் பத்தையும் கிள்ளி எடுத்துவிடலாம். ஒரு பூவில் வெற்றி கிடைத்தால் ஒரு நெற்று நிறைய விதை. ஹைராசியக் கொத்தில் ஒவ்வொரு சிறுமலரும் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு நாடா. அதன் அடியில் ஐந்து மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழாயாகி நிற்கின்றன. அந்தக் குழாயின் நடுவே சூலகத்தண்டு வளர்ந்து மேலெழும்போது, பக்கங்களில் உள்ள மயிர்களால் மகரந்தத்தைத் துடைத்துத் தள்ளிக்கொண்டே வெளியே வருகிறது. ஆகவே மகரந்தம் சிந்துவதற்கு முன், மொட்டுப் பருவத்திலேயே, தண்டும் சூல்முடியும் காயப்படாமல் அந்தக் குழாயை மட்டும் ஊசிமுனையால் கீறி எடுக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு சிறுமலராகச் செய்தாக வேண்டும். எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு சிறுமலர் தருவது ஒரே ஒரு விதை. போதிய வெளிச்சத்துக்காக மெண்டல் கண்ணாடியும் குவிவில்லையும் வைத்து ஒளியைப் பூவின்மேல் குவித்தார். அதனால் கண் களைத்து நோயுற்று, சில காலம் அந்த வேலையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. துறவியான அவர் 1868 மார்ச்சில் தம் மடத்தின் அதிபராகத் தேர்வான பிறகு நேரமும் சுருங்கியது. பட்டாணியில் ஆயிரக்கணக்கான விதைகளை எண்ணி விகிதம் கண்டவரின் கையில் இங்கே இருந்தவை ஆறு கலப்பினங்கள். அவற்றிலும் சிலவற்றுக்கு ஒரே ஒரு செடிதான். இந்த எண்ணிக்கையில் எந்த விகிதத்தையும் எவராலும் கண்டிருக்க முடியாது. செடி முரண்டு பிடித்தது என்று சொல்லும்போது இந்த எண்ணிக்கைப் பஞ்சத்தையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

1869இல் அவர் அறிவித்த முடிவு தெளிவானது. பட்டாணியில் முதல் தலைமுறைக் கலப்பினங்கள் ஒன்றுபோல் இருந்தன, அவற்றின் சந்ததிகள் வேறுபட்டன. ஹைராசியத்தில் எல்லாம் தலைகீழ். ஒரே பெற்றோர் இணையிலிருந்து பிறந்த கலப்பினங்கள் ஒன்றை ஒன்று ஒத்திருக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றின் சந்ததியும் அதனதன் வடிவத்திலேயே மாறாமல் தொடர்ந்தது. மெண்டல் இந்த முரணை மறைக்கவில்லை. பட்டாணி விதிக்குள் வலிந்து திணிக்கவும் இல்லை. தம்முடைய முந்தைய முடிவுக்கு எதிர் முடிவு கிடைத்திருக்கிறது என்று தாமே எடுத்துக்காட்டி, ஆய்வு இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறது என்ற எச்சரிக்கையோடு அச்சிட்டார். 1870 ஜூலையில் நேகெலிக்கு எழுதிய கடிதம் இன்னும் முக்கியமானது. மக்காச்சோளம், அந்திமந்தாரை, மாத்தியோலா ஆகியவற்றில் செய்த சோதனைகள் முடிந்துவிட்டன என்றும், அவற்றின் கலப்பினங்கள் பட்டாணியைப் போலவே நடந்துகொள்கின்றன என்றும் அதில் தெரிவிக்கிறார். ஹைராசியம் மட்டும் எதிராக நிற்பதைச் சுட்டி, இரண்டுமே இன்னும் ஆழமான ஒரு பொது விதியின் தனித்தனி வெளிப்பாடுகளாக இருக்க வேண்டும் என்று கருத்துரைக்கிறார். நம்பிக்கை குலைந்தவர் எழுதும் கடிதமாக இது தோன்றவில்லை. தம் விதி பல செடிகளில் உறுதிப்பட்டதை அறிந்த ஒருவர், அதற்குள் அடங்காத ஒன்றை அடக்கும் பெரிய விதியைத் தேடுகிறார் என்றே படுகிறது.

அந்தப் பெரிய விதியின் முதல் தடயம் அவர் இறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது. 1898இல் சுவீடனைச் சேர்ந்த யூல், ஆன்டெனேரியா ஆல்பினா என்ற செடியில் அண்டம் கருவுறாமலேயே கருவாக வளர்வதை நுண்ணோக்கியில் காட்டினார். அதுவும் சூரியகாந்திக் குடும்பத்துச் செடிதான். 1903இல் டென்மார்க்கின் ரவுன்கீயர் மிக எளிய ஒரு சோதனை செய்தார். டான்டிலயன் செடியின் விரியாத மொட்டை எடுத்து, மேற்பாதியைக் கூரிய கத்தியால் சீவி எறிந்தார். மகரந்தப்பைகளும் சூல்முடிகளும் போய்விட்டன. அடியில் சூலகங்கள் மட்டுமே மிஞ்சின. மகரந்தம் விழ வழியே இல்லை. ஆனாலும் முளைக்கக்கூடிய விதைகள் உண்டாயின. அவரும் அவருடைய நாட்டவரான ஓஸ்டன்ஃபெல்டும் அதே சோதனையை ஹைராசியத்தில் செய்தபோதும் விதை கிடைத்தது. ஓஸ்டன்ஃபெல்ட் தொடர்ந்து கலப்புகள் செய்து மெண்டலின் முடிவுகளை மீண்டும் கண்டார். அவற்றின் காரணம் கருவுறா விதையாக்கமே என்று நிறுவினார். ஸ்டாக்ஹோமின் ரோசன்பெர்க் சூலுக்குள் நடப்பதைச் செல் அளவில் வரைந்து காட்டினார். வழக்கமாகச் சூலில் ஒரு செல் குன்றல் பகுப்புக்கு உள்ளாகி, பாதிக் குரோமோசோம்களோடு அண்டத்தைத் தரும். ஹைராசியத்தில் அதன் பக்கத்திலிருக்கும் சாதாரண உடற்செல் ஒன்று பருத்து, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, குரோமோசோம் குறையாத அண்டத்தை உருவாக்கிவிடும். அந்த அண்டம் மகரந்தத்துக்குக் காத்திருக்காமல் கருவாகும். கருவூண் திசுவும் தானாகவே வளரும். முளைக்கும் நாற்று தாயின் அச்சு அசல். வாழையின் பக்கக்கன்று தாய்வாழையாகவே இருப்பதைப் போன்றதுதான் இது. கன்றுக்குப் பதிலாக இங்கே விதை வழியாக நடக்கிறது.

இந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெண்டலின் முடிவுகளை மறுபடி படித்தால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் பொருந்துகிறது. அவருடைய ஆறு கலப்பினங்களில் பல, ஹைராசியம் ஆரிகுலா என்ற இனத்தைத் தாயாகக் கொண்டவை. அது இரட்டைக் குரோமோசோம் தொகுதியுள்ள, முறையான பாலினப் பெருக்கம் செய்யும் இனம். ஆகவே அதன் அண்டம் வெளி மகரந்தத்தை ஏற்றது, உண்மையான கலப்பினம் பிறந்தது. மகரந்தம் தந்த தந்தை இனங்களோ மூன்று, நான்கு குரோமோசோம் தொகுதிகள் கொண்டவை. பல தலைமுறைகளாகக் கருவுறா விதைகளால் பெருகி, உள்ளுக்குள் கலப்புத்தன்மையைச் சேர்த்து வைத்தவை. அவற்றின் மகரந்தத்துகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு மரபணுச் சேர்க்கையைத் தாங்கி வந்தது. எனவே ஒரே இணையின் பிள்ளைகள் ஒன்றுபோல் இருக்கவில்லை. பட்டாணியில் இரண்டாம் தலைமுறையில் தெரிந்த அதே பிரிவு இங்கே முதல் தலைமுறையிலேயே வெளிப்பட்டுவிட்டது. அந்தப் பிள்ளைகள் தந்தையிடமிருந்து கருவுறா விதையாக்கும் இயல்பையும் பெற்றிருந்தன. அதனால் அவற்றின் சந்ததி அந்தந்தக் கலப்பினத்தைப் போலவே மாறாது நின்றது. ஆக, மெண்டலின் பிரிதல் விதி ஹைராசியத்தில் மீறப்படவில்லை. பாலினப் பெருக்கம் நடந்த ஒரு தலைமுறையில் அது வேலை செய்தது. பாலினப் பெருக்கம் நின்ற தலைமுறைகளில் அதற்கு வேலையே இருக்கவில்லை. குன்றல் பகுப்பு நடந்தால்தான் பிரிதலும் நடக்கும்.

இங்கே கூர்மையான ஒரு மறுப்பைச் சந்தித்தாக வேண்டும். கருவுறாமல் விதை உண்டாகும் என்ற கருத்து மெண்டல் காலத்தில் முற்றிலும் புதியதல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்த ஒரு செடி, பெண் செடிகள் மட்டுமே இருந்தும் ஆண்டுதோறும் விதை தருவதை ஜான் ஸ்மித் என்ற தோட்டப் பொறுப்பாளர் 1841இலேயே அறிவித்திருந்தார். அலெக்சாண்டர் பிரவுன் 1850களில் அதைப் பற்றி ஜெர்மன் மொழியில் விரிவாக எழுதியிருந்தார். மகரந்தப்பைகளை நீக்கிய மலரிலும் தாயை ஒத்த விதை கிடைத்தபோது, மெண்டல் இதை ஊகித்திருக்க வேண்டாமா? வேண்டும் என்று பின்னாளில் இருந்துகொண்டு சொல்வது எளிது. கியூ செடியில் ஆணே இல்லை. ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை. ஹைராசியத்தில் ஒவ்வொரு சிறுமலரிலும் மகரந்தமும் சூல்முடியும் அருகருகே இருக்கின்றன. ஊசிமுனை கொஞ்சம் பிசகினாலும் தன் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். தாயை ஒத்த நாற்று முளைத்தால், அறுவை சரியாகச் செய்யப்படவில்லை என்று நினைப்பதே நேர்மையான ஆய்வாளரின் முதல் முடிவாக இருக்கும். அதைவிட முக்கியமாக, சில விதைகளிலிருந்து உண்மையான கலப்பினமும் பிறந்தது. அதாவது மகரந்தம் வேலை செய்கிறது என்பதற்கு அவர் கண்முன்னேயே சான்று இருந்தது. ஹைராசியத்தின் பல இனங்கள் சில வேளை பாலின முறையிலும் பெரும்பாலும் பாலிலா முறையிலும் விதை கட்டுகின்றன. இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் உண்மை சீக்கிரம் பிடிபட்டிருக்கும். இரண்டும் கலந்து நடந்ததால்தான் அது மறைந்து நின்றது. 1870இல் குரோமோசோம் என்ற கருத்தே உருவாகியிருக்கவில்லை. குன்றல் பகுப்பும் விளக்கப்பட்டிருக்கவில்லை. அறியப்படாத ஒரு பகுப்பு நடக்காமல் போவதை அவர் எப்படிக் கண்டிருக்க முடியும்?

இரண்டாவது மறுப்பு வரலாறு சார்ந்தது. மெண்டல் மனமொடியவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், பட்டாணி விதி எல்லாச் செடிக்கும் பொருந்தாது என்று அவரே அச்சில் சொன்னது அந்த விதியின் மதிப்பைக் குறைத்திருக்காதா? இதில் ஓரளவு உண்மை உண்டு. 1881இல் ஃபோக்கே எழுதிய தாவரக் கலப்பினங்கள் பற்றிய பெரிய தொகுப்பு நூல் மெண்டலின் இரண்டு ஆய்வுகளையும் குறிப்பிடுகிறது; பட்டாணி விகிதங்களுக்கு அதில் தனிச் சிறப்பு ஏதும் தரப்படவில்லை. ஹைராசியக் கட்டுரையைப் படித்த ஒருவர், பட்டாணி ஒரு தனிப்பட்ட நிகழ்வு என்று எண்ணியிருக்கக்கூடும். ஆனால் கால வரிசை இந்தக் குற்றச்சாட்டுக்கு முழு ஆதரவு தரவில்லை. 1866 முதல் 1869 வரை, ஹைராசிய முடிவு வெளிவராத மூன்று ஆண்டுகளிலும் பட்டாணிக் கட்டுரை எந்தச் சலனத்தையும் உண்டாக்கவில்லை. மெண்டல் நாற்பது தனிப்பிரதிகள் அச்சிட்டு வைத்திருந்தும் பயன் விளையவில்லை. காரணம் வேறு இடத்தில் இருந்தது. உயிரியலில் எண்ணிக் கணக்கிடும் பழக்கம் அன்று வேரூன்றவில்லை. பண்புகளைத் தாங்கும் துகள் செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இடமே இல்லை. 1870களிலும் 80களிலும் செல் பகுப்பு, கருவுறுதல், குரோமோசோம்கள் ஆகியவை ஒவ்வொன்றாகத் தெளிந்த பிறகே, 1900இல் டி விரிஸ், கொரென்ஸ், செர்மாக் மூவரும் அதே விகிதங்களைத் தனித்தனியே கண்டு மெண்டலிடம் வந்து சேர்ந்தார்கள். கொரென்ஸ் நேகெலியின் மாணவர். மெண்டலின் கடிதங்களை 1905இல் அச்சேற்றியவரும் அவரே. நேகெலி பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கடிதங்கள் இல்லையென்றால், மேலே சொன்ன சான்றுகளில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது.

இந்த வழக்கில் இறுதிச் சாட்சியம் அண்மைக் காலத்தில்தான் கிடைத்தது. கருவுறா விதையாக்கம் எந்த விதிப்படி மரபுரிமையாகிறது என்பதை நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த குழுக்கள் ஹைராசியத்தையே வைத்து ஆராய்ந்தன. காமாக் கதிரால் குரோமோசோமின் துண்டுகளை இழந்த செடிகளை எடுத்து, எந்தத் துண்டு போனால் எந்த இயல்பு போகிறது என்று பார்த்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி இரண்டு இடங்கள் தனித்தனியே இதை ஆள்கின்றன. ஒன்று, குன்றல் பகுப்பைத் தவிர்க்கச் செய்கிறது; மற்றது, கருவுறாமலேயே அண்டத்தைக் கருவாக்குகிறது. இரண்டுமே ஓங்கு பண்புகளாகச் சந்ததிக்குக் கடத்தப்படுகின்றன. 2022 ஜனவரியில், மெண்டல் பிறந்த இருநூறாவது ஆண்டின் தொடக்கத்தில், நெதர்லாந்து ஆய்வாளர்களை உள்ளடக்கிய ஒரு பன்னாட்டுக் குழு டான்டிலயனில் அந்த இரண்டாவது வேலையைச் செய்யும் மரபணுவையே பிரித்தெடுத்துக் காட்டியது. சாதாரணமாக மகரந்தத்தில் மட்டும் இயங்கும் மரபணு அது. அதன் முன்பகுதியில் தாவும் மரபணுத் துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டதால் அண்டத்திலும் இயங்கத் தொடங்கிவிட்டது. ஹைராசியத்திலும் அதே மரபணுவின் முன்பகுதியில் அதே போன்ற ஒரு செருகலைக் கண்டார்கள். டான்டிலயனின் மரபணுவை லெட்யூஸ் கீரைக்கு மாற்றியபோது, அதன் அண்டமும் கருவுறாமலேயே பிளவுபடத் தொடங்கியது. எந்த இயல்பு மெண்டலின் விதிக்கு விலக்கு என்று கருதப்பட்டதோ, அந்த இயல்பே மெண்டலின் விதிப்படி ஓங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது. 1870இல் அவர் எதிர்பார்த்த ஆழமான பொது விதி இருந்தது. அதற்குள் பட்டாணியும் ஹைராசியமும் அடங்கவும் செய்தன.

ஒரு காட்டுச் செடியைப் பற்றிய பழைய வழக்கை இவ்வளவு தூரம் விசாரிப்பதில் இன்று என்ன பயன் என்று கேட்கலாம். பயன் வயலில் இருக்கிறது. வீரிய ஒட்டு நெல்லின் விளைச்சல் முதல் தலைமுறையில் உயர்ந்து நிற்கும். அறுத்த நெல்லையே விதையாக எடுத்து வைத்தால், மறு போகத்தில் பண்புகள் பிரிந்து பயிர் பலவாறாகப் போய்விடும். இது பட்டாணியில் மெண்டல் கண்ட அதே பிரிதல்தான். அதனால் ஒவ்வொரு போகத்துக்கும் விதையை விலை கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது. ஹைராசியத்தின் இயல்பு நெல்லுக்கு வந்தால் ஒட்டு விதையும் தலைமுறை தோறும் மாறாமல் நிற்கும். 2019இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இம்தியாஸ் கந்தாய், வெங்கடேசன் சுந்தரேசன் ஆகியோரின் குழு, நெல்லின் சொந்த மரபணு ஒன்றை அண்டத்தில் இயங்கச் செய்தும் குன்றல் பகுப்புக்கான மரபணுக்களை முடக்கியும் தாயின் நகலான விதைகளைப் பெற்றது. 2022இல் மற்றொரு குழு ஒட்டு நெல்லில் நகல் விதைகளின் விகிதத்தை 95 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தியது. இதற்கு நேர் எதிரான எச்சரிக்கையும் ஹைராசியத்திடமே உண்டு. நியூசிலாந்தின் தென்தீவுப் புல்வெளிகளில், வெளியிலிருந்து வந்த ஹைராசியம் தரையோடு தரையாகப் பாய் விரித்து உள்ளூர்ப் புற்களை ஒடுக்கிவிட்டது. துணைச் செடி இல்லாமலேயே விதை கட்டும் திறன் அதன் பரவலுக்குக் கைகொடுத்த காரணங்களில் ஒன்று. இந்த இயல்பைப் பயிரில் புகுத்துகிறவர்கள், அது வயலைவிட்டு நெல்லின் காட்டு உறவினங்களுக்குத் தாவாமல் இருக்க வழி செய்தாக வேண்டும். விதையைச் சேமிக்கும் உரிமை உழவருக்குக் கிடைக்குமா, காப்புரிமையால் அதுவும் நிறுவனத்தின் கைக்கே போகுமா என்பதை ஆய்வகம் முடிவு செய்யாது. சட்டம்தான் முடிவு செய்யும்.

மேல்நிலை வகுப்புப் பாடங்களில் மெண்டலின் பட்டாணி ஓர் இயலிலும் கருவுறா விதையாக்கம் வேறோர் இயலிலும் வருகின்றன. இரண்டையும் இணைக்கும் ஹைராசியம் விடுபட்டுப்போகிறது. அதனால் மாணவருக்குக் கிடைப்பது, எடுத்த எடுப்பிலேயே வெற்றி கண்ட ஒரு துறவியின் படம். தம் விதிக்கு எதிரான சான்றைத் தாமே தேடிச் சென்று, கண்டதைக் கண்டபடி அச்சிட்டு, விளக்கத்தைக் காலத்திடம் விட்ட ஆய்வாளர் அதில் இல்லை. அந்த இரண்டாவது மெண்டலிடமிருந்துதான் மாணவர் அதிகம் கற்க முடியும். எண்ணிக்கை போதாதபோது விதி சொல்லக்கூடாது என்பதை அவர் காட்டுகிறார். ஒவ்வாத முடிவை ஒளிக்கவும் கூடாது, அதற்காகச் சரியான முடிவைக் கைவிடவும் கூடாது என்பதையும் காட்டுகிறார். பாடநூல் எழுதுவோர் பட்டாணியை அடுத்து இரண்டு பத்தி இடம் ஒதுக்கி, 1869இன் அந்தக் கட்டுரையையும் சேர்க்க வேண்டும்.